மச்சம் இல்லாத அந்து

ஜூலை 12, சனி

தேதி, நேரம், மழை, காற்று, வந்த அந்து எத்தனை வகை. இவற்றைத் தவிர வேறு எதையும் இந்த நோட்டில் எழுதக்கூடாது என்று பேராசிரியை எஸ்தர் ஜெபராணி சொல்லியிருக்கிறார். அப்படியே செய்வதாக ஒப்புக்கொண்டேன்.

நேற்று அவர் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க என் ஸ்டூடியோவுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர். குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க வந்த இடத்தில் ஏதோ விண்ணப்பத்துக்கு அவசரமாகப் படம் தேவைப்பட்டதாம். ஸ்டூலில் உட்கார வைத்து, "தாடையக் கொஞ்சம் எறக்குங்க மேடம்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து திரும்பி நின்றுவிட்டார். பின்னால் இருந்த வெள்ளைத் திரையில் ஒரு பூச்சி. அதைப் பத்து நிமிடம் நாலு பக்கமும் போனில் எடுத்தார். அவரை நான் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பட்டாம்பூச்சியா மேடம்?"

"இல்லங்க, அந்து."

"அந்துன்னா அரிசி மூடைல வருமே."

"அது வீட்டோட தங்கிட்ட சொந்தக்காரன். காட்டுல அதுக்கு ஆயிரக்கணக்குல சொந்தம் இருக்கு. மலையடிவாரத்துல இருந்துகிட்டு இத்தன நாளா பாக்காம இருந்திருக்கீங்களே."

இன்றிலிருந்து ஆடி அமாவாசை வரை அவருடைய வாட்ஸப் குழுவில் கணக்கெடுப்பு. ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, முன்னால் விளக்கைப் போட்டு, வந்து உட்காருவதையெல்லாம் படமெடுத்து அனுப்ப வேண்டும். எடிட் செய்யக்கூடாது. எடிட் என்பது சினிமாக்காரர்கள் செய்வது, எனக்குத் தெரியாத வேலை. நான் செய்வது டச்சப்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் அறிவியல் ஆர்வம். தினமும் மூன்று மணி நேரம் மொட்டைமாடியில் இருக்கலாம் என்பது வசதியாகவும் இருந்தது. ஒன்பது நாளாக நான் ஹாலில்தான் படுக்கிறேன். அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது. அந்தச் சத்தத்தில் என் மனைவி குழல்வாய்மொழி நன்றாகத் தூங்குகிறாள். ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசவும் இல்லை. காரணம் எனக்குத் தெரியாது.

இரவு 8 முதல் 11 வரை. சாரல். அந்து 6 வகை. குழலி 1 வாக்கியம் ("பால் பொங்குது").

ஜூலை 13, ஞாயிறு

பலத்த காற்று. வேட்டி பறந்து எதிர்வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சியின் டிவி குடையில் மாட்டிக்கொண்டது. அவர் ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். பழைய தாலுகா ஆபீஸ் ஊழியர், எதற்கும் காரணம் கேட்பார். அந்து பிடிக்க என்றேன். "அரிசியில வந்துட்டா? வெயில்ல காயப் போடுங்க" என்றார். வெயிலுக்கு எங்கே போவது, எங்கள் மேலகரத்தில் வெயில் அடித்துப் பதினைந்து நாளாகிறது.

அந்து 2. குழலி 0.

ஜூலை 14, திங்கள்

மொட்டைமாடி சரிப்படாது. நாளை முதல் வீட்டு வாசலில், மதில் மறைவில் வைத்துக்கொள்ளப்போகிறேன். முன்னறைதான் ஸ்டூடியோ என்பதால் கேமரா எடுத்துவரவும் கிட்டத்தில் இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது எழுவாய் இல்லாத வாக்கியங்கள்தான் புழங்குகின்றன. "சோறு வச்சிருக்கு." "கேஸ் மாத்தணும்." "குளிச்சா தேவல." யார் குளித்தால் தேவலை என்று சொல்வதில்லை. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவள் காலையிலேயே குளித்துவிட்டாள். குற்றாலத்து அம்மன் பெயரை வைத்திருக்கிறாள், குழல் போல மொழி உள்ளவள் என்று பொருள். குழலோசையைக் கேட்டுப் பதினோரு நாளாகிறது.

அந்து 9. குழலி 3. நல்ல நாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேரம், இடம் எல்லாம் குறிக்க வேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருக்கிறார்.

மாலை ஏழு மணிக்கு வாசலில் இரண்டு கம்பு நட்டு வேட்டியைக் கட்டினேன். மதில் தூணில் டியூப்லைட்டைக் கட்டினேன். உட்கார ஒன்று, கேமரா பை வைக்க ஒன்று, குடை வைக்க ஒன்று, வருகிறவர்கள் பார்க்க ஒன்று என்று நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்துக் குழலி வாசற்படியில் வந்து கன்னத்தில் கையை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

வாசலில் டியூப்லைட், வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, படியில் கன்னத்தில் கைவைத்த பெண். இந்தத் தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான். முப்பது வருடமாகக் கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டுக் கொடுக்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

எட்டு மணிக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி ரோஜா மாலையோடு வந்தார். பின்னால் இன்னும் நாலு பேர். பேச்சு எனக்கு ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"எப்பம் தங்கச்சி?"

"ஏழு மணி இருக்கும் அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலியா?"

"எதுக்கு? இந்தச் சீக்குக்கு மருந்து கெடையாது."

"கடசியா எதும் பேசினாவளா?"

"நாங்க பேசி பன்னெண்டு நாளாச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். பார்த்த எனக்கே என் மேல் இரக்கம் வந்தது. அதற்கு மேல் தாங்காமல் கேமராவோடு வெளியே வந்தேன். தலையில் டார்ச்லைட் வேறு கட்டியிருந்தேன். பின்னால் நின்ற ஒருவர் ஓடியே போய்விட்டார். அண்ணாச்சி நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் மாலையை என் கையிலேயே கொடுத்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிப் போனார்.

குழலி படியிலிருந்து எழுந்து உள்ளே போனாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள். அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அந்து எண்ணவில்லை. குழலி அண்ணாச்சியிடம் 3. என் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

மாலையை என்ன செய்வது என்று புரியவில்லை. சாமிக்குப் போட முடியாது. எனக்கும் போட முடியாது.

ஜூலை 17, வியாழன். ஆடி முதல் நாள்

அற்புதமான நாள். சாரல் நின்று காற்று அடங்கிய ஒன்பதரை மணிக்கு ஒரு பச்சை அந்து வந்து உட்கார்ந்தது. இளம் வாழையிலைப் பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. இறக்கையை முழுக்க விரித்து, ஆடாமல் அசையாமல் இருந்தது. என் வாடிக்கையாளர்களில் இப்படி ஒருவர் கிடைத்ததில்லை. கண்ணை மூடவில்லை, "நல்லா செவப்பா வரணும் அண்ணாச்சி" என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்றை வழக்கம்போலச் சுத்தம் செய்து குழுவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அந்து 17. குழலி 1 ("லைட்ட அணைச்சா தூக்கம் வரும்").

ஜூலை 18, வெள்ளி

விடிந்து பார்த்தால் குழுவில் நூற்று நாற்பது செய்தி.

பேராசிரியையே கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார். இந்தப் பச்சை அந்துவுக்கு இரண்டு இறக்கையிலும் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருக்குமாம். அதுதான் அதன் அடையாளம். நான் அனுப்பியதில் புள்ளியே இல்லை. அப்படியானால் இது வேறு இனம், இந்தப் பக்கம் இதுவரை யாரும் பார்த்ததே இல்லை என்றார். லத்தீனில் ஒரு பெயரும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

"நல்லா பாத்தீங்களா அண்ணாச்சி? புள்ளி இல்லவே இல்லையா?"

"படத்துல இருக்குறதுதான் மேடம்" என்றேன்.

அமாவாசையன்று நேரில் வருகிறாராம். கட்டுரை எழுதப்போகிறாராம். அதில் என் பெயரும் வருமாம்.

போனை வைத்ததும் கம்ப்யூட்டரில் இருந்த ஒரிஜினலைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

ஜூலை 19, சனி

செய்தி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. வியாபாரிகள் சங்கத்தில் பாராட்டி ஃபிளெக்ஸ் வைக்கப்போகிறார்களாம். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஃபிளெக்ஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு.

இந்த நோட்டைப் பேராசிரியை கேட்டு வாங்கினாலும் வாங்குவார் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். போன மாதம் குழலியை ஊர் மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழுப் பெண்கள் பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு எட்டடி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். படம் நான் கொடுத்தது. எந்தப் பெண்ணின் படத்துக்கும் செய்வதைத்தான் அதற்கும் செய்தேன். கொஞ்சம் நிறம் ஏற்றினேன், கழுத்துச் சுருக்கத்தை இழைத்தேன், மேலுதட்டுக்குப் பக்கத்தில் உளுந்து அளவுக்கு இருக்கும் மச்சத்தை எடுத்தேன். என் மனைவி என்பதால் கூடுதலாக அரை மணி நேரம் வேலை பார்த்தேன்.

மூன்றாம் தேதி அவள் அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேயே நின்று பஸ் ஏறியிருக்கிறாள். தினமும் பார்க்கிற கண்டக்டர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒங்க தங்கச்சியாக்கா? நல்லா இருக்காவ" என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். டச்சப் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதை வாய்விட்டும் சொன்னேன். அவள் கடைசியாக என்னிடம் பேசியது அன்றுதான்.

இதில் என் தவறு என்ன என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்து 14. குழலி 0.

ஜூலை 20, ஞாயிறு

பச்சை அந்து இன்னும் மூன்று வந்தன. எல்லாவற்றுக்கும் புள்ளி இருக்கிறது. ஒன்றுக்காவது இல்லாமல் போய்விடாதா என்று முழங்காலில் உட்கார்ந்து பார்த்தேன். கண் வலி.

ஜூலை 21, திங்கள்

மகளிர் குழுக் கூட்டப் படங்களைத் தேடிக் குழலி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நான் ஒரு குழந்தையைப் பாஸ்போர்ட்டுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுதது, நான் கிலுக்கை ஆட்டினேன், கம்ப்யூட்டரை மறந்துபோனேன்.

திரும்பிப் பார்த்தபோது திரையில் பச்சை அந்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக நின்றது. இந்தப் பக்கம் புள்ளியோடு, அந்தப் பக்கம் புள்ளியில்லாமல். குழலி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தையும் அம்மாவும் போகும்வரை காத்திருந்தாள்.

"பூச்சிக்கும் மச்சத்த எடுத்தாச்சா" என்றாள்.

எழுவாய் இல்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறாள் என்பதில் சந்தேகம் இல்லை.

தூசி என்று நினைத்தேன் என்றேன். இரண்டு இறக்கையிலும் அளவெடுத்தது போல ஒரே இடத்தில் தூசி விழுமா என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். உண்மை என்னவென்றால் நான் எதையும் நினைக்கவே இல்லை. கறுப்பாகப் புள்ளி தெரிந்தது, கை போய்விட்டது.

ஜூலை 22, செவ்வாய்

பேசிவிட்டாள். எண்ண முடியவில்லை.

சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன். அமாவாசைக்குப் பேராசிரியை வருகிறார், உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும், சொல்லாவிட்டால் கட்டுரையே வந்துவிடும் என்று புலம்பினேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு பூச்சிக்கு ஒரு புள்ளி இல்லன்னா அது வேற பூச்சின்னு பாளையங்கோட்டையில இருந்து பஸ் ஏறி வாராவ. எனக்கு இல்லன்னா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இருவத்தாறு வருசமா இந்த வீட்டுல ஒருத்தி இருக்கா. கல்யாண ஆல்பத்துல இருக்கா, ரேஷன் கார்டுல இருக்கா, கொடைக்கானல் போனா, இப்பம் பஸ் ஸ்டாப்புலயும் ஏறி நிக்கா. அவ நானில்ல. நான் ஆதார் கார்டுல மட்டும்தான் இருக்கேன். அத நீங்க எடுக்கல."

"அதுல பேய் மாதிரில்லா இருக்க" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது.

"பேய்னாலும் நான்தான. நாளைக்கு நான் செத்தா எந்தப் படத்துக்கு மால போடுவீய? அவளுக்கா?"

எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

ஆல்பங்களை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரிதான். கல்யாணப் படங்களில் நானே நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்திருக்கிறேன். நெகட்டிவில் மச்சம் வெள்ளையாகத் தெரியும், கூர்மையான பென்சில் முனையால் தொட்டால் பிரிண்டில் மறைந்துவிடும். தாலி கட்டி நாலாம் நாள், மாப்பிள்ளை விருந்துக்குக்கூடப் போகாமல் அறுபத்திரண்டு நெகட்டிவைத் தொட்டேன். அதை அவளுக்கு நான் கொடுத்த பரிசு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு எடுத்தவற்றில் ஒரிஜினல் இருக்கும் என்று தேடினேன். இடம் அடைக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. இந்த வார்த்தையை இதற்கு முன் இந்த நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 23, புதன்

காலை ஆறு மணிக்குக் குழுவில் போட்டேன்:

"மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். பச்சை அந்துவுக்குப் புள்ளி இருந்தது. இரண்டு பக்கமும் இருந்தது. நான் எடுத்துவிட்டேன். பூச்சி மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிக்கு, கோமதிநாயகம், மேலகரம்."

பதினொரு நிமிடம் யாரும் எதுவும் போடவில்லை. பிறகு யாரோ கை கூப்பிய பொம்மை போட்டார். பிறகு பேராசிரியை கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் கட்டுரைக்குத் தலைப்பே வச்சிட்டேன்."

"மன்னிக்கணும் மேடம்."

"இதுக்கு முன்னாடி நாப்பத்தேழு படம் அனுப்பியிருக்கீங்க. அதுல எத்தனைக்கு இந்த வேலை பாத்தீங்க?"

"எல்லாத்துக்கும் மேடம்."

ஒரு அந்துவுக்கு மீசையைக்கூட ஒழுங்கு செய்திருந்தேன். அதை நானாகவே சொல்லிவிட்டேன். எதற்கு மறைக்க வேண்டும். எல்லா ஒரிஜினலையும் ராத்திரிக்குள் அனுப்பச் சொன்னார். லீவு போட்டாயிற்று, அதனால் நாளை எப்படியும் வருவேன் என்றும் சொன்னார். அதை ஒரு மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வியாபாரிகள் சங்கத்தில் ஃபிளெக்ஸை நிறுத்திவிட்டார்கள்.

குழலியிடம் சொன்னேன். "ம்" என்றாள். அது வாக்கியமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

பேராசிரியை ஏழு மணிக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு நேராக வேட்டியிடம் போய்விட்டார். நிலா இல்லாத இரவு, காற்றும் இல்லை. ஒன்பது மணிக்குள் வேட்டியில் வெள்ளையே தெரியவில்லை. பழுப்பு, மஞ்சள், காய்ந்த இலை நிறம், உள்ளங்கை அகலத்தில் ஒன்று, எள்ளளவில் நூறு. ஆவுடையப்பன் அண்ணாச்சியும் வந்து, இம்முறை வெறுங்கையோடு, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

"பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல" என்றார் பேராசிரியை. "கறை மாதிரி, கிழிசல் மாதிரி தெரியுறதுதான் அதோட பேரு. அதத் தொடச்சிட்டா நான் யார்னு எழுதுவேன்?"

திட்டு அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

குழலி டீ கொண்டுவந்தாள். டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது விளக்குக்கும் வேட்டிக்கும் நடுவில் ஒரு கணம் நின்றாள். பச்சை அந்து ஒன்று அவள் தோளில் உட்கார்ந்தது.

"அசையாதீங்க மேடம்" என்றார் பேராசிரியை.

அசையாமல் நின்றாள். நான் கேமராவை எடுத்தேன். வாயில் வந்ததை விழுங்கினேன். தாடையை இறக்கு, தோளைத் திருப்பு, சிரி, எதையும் சொல்லவில்லை. அவள் அந்துவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கிற பார்வை. டியூப்லைட் வெளிச்சத்தில் மச்சம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

அந்து 61 வகை என்று பேராசிரியை எழுதிக்கொண்டார். நான் எண்ணவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். எதையும் தொடாமல் பிரிண்ட் போடுகிற நேரத்தில் குழலி வந்து பின்னால் நின்றாள்.

நிறைய நேரம் பார்த்தாள். திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிரிண்ட் வெளியே வந்ததும் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

அவள் கண் கலங்கியிருந்தது போல இருந்தது, என் கண் சரியில்லாததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"மச்சம் இருக்கட்டும். இந்தத் தாடைக்குக் கீழ தொங்குதுலா, அத மட்டும் லேசா உள்ள தள்ளிருங்களேன்."

"முடியாது."

"கொஞ்சூண்டு."

"எடிட் பண்ணக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காவ."

"அது பூச்சிக்குச் சொன்னாவ. எனக்கென்ன. நேத்து எண்ணெய் வேற வச்சிருந்தேன், ஒரு வார்த்த சொல்லியிருந்தா பவுடராவது போட்டுட்டு வந்திருப்பேன். ராத்திரில நைட்டியோட நிக்கவளப் போயி எடுத்துருக்கீய. கூட்டமைப்புல இதக் கேட்டா நான் என்னத்தக் குடுப்பேன், சொல்லுங்க."

"இதத்தான்."

"ஒரே ஒரு தட்டு தட்டுங்க. யாருக்குத் தெரியப்போவுது."

முடியாது என்றேன். அவள் வேறு விதமாகக் கேட்டாள். அதற்கும் முடியாது என்றேன். கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது, வெளியே யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று, ஒவ்வொரு தடவையும் முடியாது என்றே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.